ஆனேக்கல் தாலாட்டு

என் அத்தை குரல் பிரித்துக் கொடுத்து, நாற்பது பேர் நான்கு குரல்களில் பாடிய ‘ஆனேக்கல் தாலாட்டு’க்கும் ஆனேக்கலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த ஊரின் பெயர் அதற்கு வந்தது என்னால். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆனேக்கலை நான் பார்த்ததுகூட இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வெளிநாட்டில் நான்கு வருடம் இசை படித்துவிட்டு வந்தவள். பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி போர்ஷனில், ஒரு பியானோவோடு தனியாக இருந்தாள். சனிக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் ஒரு பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பாள். அதில் பேங்க் ஆபீசர் இருந்தார், பல் டாக்டர் இருந்தார், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாமியும் வருவார். அவர் கர்நாடக சங்கீதம் கற்றவர் என்பதால் நேரான சுரம் எதையும் அவரால் சும்மா விட முடியாது. “மாமி, அந்த அசைவு வேண்டாம், நேரா நில்லுங்க” என்று அத்தை வாரம் தவறாமல் கெஞ்சுவாள்.

அத்தைக்குச் சொந்தமாகப் பாட்டு எழுதத் தெரியாது. யாரோ எழுதியதை எடுத்து நாற்பது தொண்டைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அந்த வருடம் புது வருடக் கச்சேரிக்காக ஒரு சங்கப் பாட்டையும், ‘வசனம்’ என்கிற பழைய கன்னடப் பக்திப் பாட்டு ஒன்றையும் முடித்துவைத்திருந்தாள். மூன்றாவதாக ஒரு தாலாட்டு வேண்டும் என்று இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். வாங்கிய புத்தகங்கள் எல்லாம் அவளுக்கு எரிச்சலைத்தான் கொடுத்தன.

“எதைப் பிரிச்சாலும் தங்கத் தொட்டில், வெள்ளிக் கிண்ணம். யார் வீட்ல இருக்கு அதெல்லாம்?” என்பாள்.

குழுவின் முன்வரிசையில் எட்டுப் பிள்ளைகள் இருந்தோம். நானும் ஒருத்தி. அந்த வரிசையில் எனக்கு இருந்த இடம் எப்போதும் ஆட்டம் கண்டுகொண்டே இருந்தது, ஏனென்றால் நானும் ஆடிக்கொண்டே இருந்தேன். நிற்கச் சொன்னால் ஒரு கால் மற்றொரு காலைச் சொறியும். கை தலைக்குப் போகும். உட்காரச் சொன்னால் முழங்கால் தானாகத் துள்ளும். வகுப்பில் டீச்சரும் வீட்டில் அப்பாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பிறந்தது” என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பின்வரிசையிலிருந்து மாமி “சும்னே நில்லும்மா” என்று பாதிக் கன்னடத்தில் அதட்டுவார். ஒரு சனிக்கிழமை நான் காலை ஆட்டி ஆட்டி முன்னால் பாட்டுத் தாள்களை அடுக்கியிருந்த ஸ்டாண்டைத் தள்ளிவிட்டேன். நாற்பது பேருடைய தாள்களும் ஹால் முழுக்கப் பறந்தன. அத்தை என்னை வரிசையிலிருந்து எடுத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உன்னால முடியலைடா, விட்டுடு” என்று அன்பாகச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியாவது திரும்ப உள்ளே போக வேண்டும். கையில் கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்தபோது அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தம்பியைத் தூங்கவைப்பாள். அவனுக்கு மூன்று வயது. என்னையும் பக்கத்தில் படுக்கச் சொல்வாள். அப்பா முன்னறையில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். எனக்குப் பகலில் தூக்கம் வந்ததே கிடையாது. ஆனால் தூங்குவதுபோலப் படுத்திருக்கத் தெரியும். மூச்சை நீளமாக விட வேண்டும், கண்ணை இறுக்கி மூடக்கூடாது. நாங்கள் இருவரும் தூங்கிவிட்டோம் என்று நிச்சயமான பிறகுதான் அம்மா அந்தப் பாட்டைப் பாடுவாள். தூங்கிவிட்ட பிறகு எதற்குத் தாலாட்டு என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்னொரு ஆச்சரியம், தம்பியைத் தட்டிக்கொண்டே பாடும்போதும் பாட்டில் ‘ராசாத்தி’ என்றுதான் வரும். பாட்டு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது, ஆளுக்குத் தகுந்தபடி மாறாது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தங்கவயல்காரி. கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் ரயிலில் போய் வந்தாளாம். நான் பிறந்ததும் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் கேட்கும். துணி உலர்த்தும்போது அம்மா சில நேரம் “ஓசூர் வண்டி” என்று தனக்குத்தானே சொல்லுவாள். சரியாகத்தான் சொல்லுகிறாளா என்று நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அத்தையின் மாடிக்கு ஓடினேன். ஒரு தாலாட்டு தெரியும் என்றேன். அத்தை போனை எடுத்துப் பதிவு பண்ணிக்கொண்டாள். நான் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பாடினேன்.

கண்ணு ரெண்டும் மூடவில்லே, காலு ரெண்டும் ஓயவில்லே,
என்னத்தைத்தான் தேடுறியோ, ஏங்கண்ணே தூங்கவில்லே.
ரயிலு போற சத்தம் கேட்டு ராசாத்தி நீ சிரிக்கிறே,
ஏறிப்போக முடியாம எட்ட நின்னு பாக்குறேன்.
சாத்தி வச்ச கதவுக்குத் தாப்பாளு போடவில்லே,
நீ மட்டும் தூங்கியிருந்தா நான் நடந்து போயிருப்பேன்.

அத்தை போனை நிறுத்தவே மறந்துவிட்டாள். “இன்னொரு தரம் பாடு” என்றாள். பாடினேன். “யார்டி சொல்லிக்குடுத்தா இதை?”

தூங்குவதாக நடித்து ஒட்டுக் கேட்டது என்று எப்படிச் சொல்வது? “ஸ்கூல் ஆயா பாடுவாங்க” என்றேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அத்தை அந்த ஆயாவைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றேன். எந்த ஊர் என்றாள். எங்கள் தெருமுனையில் தினம் பார்க்கும் ஒரு மளிகை வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அதைச் சொன்னேன். “ஆனேக்கல்.”

இரண்டு வாரத்தில் பாட்டு நான்கு குரல்களில் தயாராகிவிட்டது. பிள்ளைகளின் வரிசைக்கு வெறும் ‘ஆராரோ’ மட்டும். அது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிற்காமல் ஓடும். பெரியவர்கள் அதன் மேல் பாட்டைச் சொல்லுவார்கள். என்னை மறுபடி வரிசையில் சேர்த்தாள் அத்தை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து என் நிம்மதி போய்விட்டது.

முதல் காரணம், பேஸ் என்கிற அடிக்குரலில் பாடும் ஒரு மாமா. அவர் உண்மையாகவே ஆனேக்கல்காரர், இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிறவர். தன் ஊர்ப் பாட்டு என்றதும் மனிதருக்கு ஒரே பெருமை. வீட்டில் எல்லோரிடமும் பாடிக்காட்டினாராம், யாருக்கும் தெரியவில்லையாம். “அந்த ஆயா எந்தத் தெரும்மா?” என்று சனிக்கிழமைதோறும் என்னிடம் கேட்பார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் அவர் பயிற்சியை நிறுத்திவிட்டு அத்தையிடமே கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. இது தாலாட்டுதானா? இந்தப் பொம்பளை பிள்ளையைப் போட்டுட்டுப் போறேங்கிறாளே.”

“அதனாலதான் மாமா எடுத்தேன்” என்றாள் அத்தை. “எத்தனை பேருக்கு அப்படித் தோணியிருக்கும்? ஒருத்தியாவது பாடியிருக்காளே.”

மாமா தலையைச் சொறிந்துகொண்டு தன் இடத்துக்குப் போனார். எனக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. என் கவலை வேறு. கச்சேரிக்கு அம்மா வருவாள். பாட்டைக் கேட்டதும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வயதில் அதைவிடப் பெரிய குற்றம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்மாவை வரவிடாமல் செய்ய என்னால் ஆனதைச் செய்தேன். தம்பிக்கு உடம்பு சுடுகிறது என்றேன். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். பாட்டு ஒன்றும் நன்றாக இல்லை, எல்லாம் ஒரே இழுவை என்றேன். கச்சேரி அன்று மதியம் அம்மாவின் நல்ல செருப்பில் ஒன்றை எடுத்துப் பரணில் பழைய பேப்பர்க் கட்டுக்குப் பின்னால் போட்டேன். செருப்பைத் தேடித் தேடி நேரமாகி, அவள் போகவில்லை என்று சொல்வாள் என்பது என் கணக்கு. அம்மா பத்து நிமிஷம் தேடினாள். பிறகு பட்டுப் புடவைக்குக் கீழே ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் அம்மா. பக்கத்தில் தம்பி, அதற்கடுத்து அப்பா. சங்கப் பாட்டு முடிந்தது. கன்னட வசனம் முடிந்தது. அத்தை பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். நாங்கள் ‘ஆராரோ’வைத் தொடங்கினோம்.

அம்மா நிகழ்ச்சித் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ‘ஆனேக்கல் தாலாட்டு, வாய்மொழிப் பாடல், இயற்றியவர் தெரியவில்லை’ என்று அச்சிட்டிருந்தது. பின்னால் ஆல்டோக்கள், அதாவது தணிந்த குரலில் பாடும் பெண்கள், “கண்ணு ரெண்டும் மூடவில்லே” என்று ஆரம்பித்ததும் அவள் தலை நிமிர்ந்தது. முதலில் அத்தையைப் பார்த்தாள். பிறகு பெரியவர்களின் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாரையோ தேடுகிறவள்போல. கடைசியில் என்னைப் பார்த்தாள். ரயில் வரும் அடி வந்தபோது கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடைசி அடியை அத்தை விசேஷமாக அமைத்திருந்தாள். “நான் நடந்து போயிருப்பேன்” என்று முதலில் ஆல்டோ சொல்லும். அது முடிவதற்குள் டெனர் பிடித்துக்கொள்ளும், பிறகு சோப்ரானோ, பிறகு பேஸ். ஒவ்வொரு சுற்றிலும் குரல் குறைந்துகொண்டே போகும். நாற்பது பேர் ஒருவர்பின் ஒருவராக வீட்டைவிட்டு இறங்கித் தெருவில் நடந்து மறைவதுபோல இருக்கும். முடிவில் எங்கள் ‘ஆராரோ’ மட்டும் மிஞ்சும்.

அந்த இரண்டாவது சுற்றில் அம்மா எழுந்தாள். தம்பியைத் தூக்கி அப்பாவின் மடியில் வைத்தாள். அப்பா ஏதோ கேட்டார். ஓரத்து நடைவழியாகப் போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். எனக்குப் பின்னால் அத்தனை பேரும் போயிருப்பேன், போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவு ஆடி ஆடி நின்றது.

ஓட வேண்டும் என்றிருந்தது. ஆனால் பாட்டு எங்களிடம் வந்துவிட்டது. மற்ற குரல்கள் எல்லாம் அடங்கிவிட்டன. நான் நின்ற இடத்தில் நின்று, கதவையே பார்த்துக்கொண்டு, ஆராரோ என்று பாடினேன். அன்று என் கால் ஆடவில்லை, கை தலைக்குப் போகவில்லை. அத்தை கையை இறக்கியதும் கைதட்டல் எழுந்தது. நான் மேடையிலிருந்து குதித்தேன்.

அம்மா கேட் பக்கத்தில், ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றிருந்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் புடவையைப் பிடித்தேன்.

“நீ போயிட்டியோன்னு நினைச்சேன்.”

“எங்க போவேன்?” என்றாள்.

“நான் தூங்கலைம்மா. சும்மா படுத்திருந்தேன்.”

“எத்தனை நாளா?”

“எல்லா ஞாயித்துக்கிழமையும்.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள். “அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஸ்கூல் ஆயான்னு சொன்னேன்.”

“அப்பாவுக்கு?”

“யாருக்கும் தெரியாது.”

அவள் மூச்சை நீளமாக விட்டாள். புடவைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. “எதுக்கு அழற?” என்று கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. “எல்லாரும் போயிருப்பேன், போயிருப்பேன்னு பாடறாங்க, நீயும் எழுந்து போயிட்ட” என்றேன்.

ஒரு ஆட்டோ எங்களைச் சவாரி என்று நினைத்து மெதுவாக வந்துவிட்டுப் போனது.

“கடைசி வரி தப்பு” என்றாள் பிறகு. “நீ சரியாக் கேக்கலை. ‘நடந்து போயிருப்பேன்’ இல்லை. ‘போயி வந்திருப்பேன்.’ நீ மட்டும் தூங்கியிருந்தா நான் போயி வந்திருப்பேன். கடைக்குப் போயிட்டு வர்றது, அவ்வளவுதான்.”

என் மேலிருந்து ஒரு மலை இறங்கியது. ஒட்டுக் கேட்டதற்கு அடியில்லை, திட்டில்லை, ஒரு வார்த்தைதான் பிழை. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கையை வீசி வீசி நடந்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பரணில் ஏறிச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

பிழையைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கச்சேரி மல்லேஸ்வரத்தில் ஒரு ஹாலில் இருந்தது. அதற்குள் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். மறுநாளே போய்ச் சொன்னேன்.

அத்தை தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “ஆயாதான் ஊருக்குப் போயிட்டாங்களே. தப்புன்னு யார் சொன்னா?”

வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு பொய் எதுவும் கிடைக்கவில்லை. “அம்மா” என்றேன்.

அத்தையின் கை அப்படியே நின்றது. மேலே இருந்த தாளை எடுத்துப் பாட்டை வாய்க்குள் படித்தாள். கண்ணு ரெண்டும், காலு ரெண்டும். படித்துவிட்டு என் காலைப் பார்த்தாள். அது வழக்கம்போலத் துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு பியானோவை மூடிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைக் கையில் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள்.

அவரைக்காய் சீசன். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டைகளைப் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். அத்தையும் எதிரே உட்கார்ந்து ஒரு கை கொட்டையை எடுத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்றேன்.

“அண்ணி” என்றாள் அத்தை. “போயிருப்பேனா, போயி வந்திருப்பேனா?”

அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு, “ரெண்டாவதையே எழுதிக்கோ” என்றாள்.

“ஒரு அசை குறையுது. இழுத்துத்தான் பாடணும்.”

“இழுத்துப் பாடு.”

அத்தை குனிந்து பிதுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. “உங்க பேரைப் போடட்டுமா? மல்லேஸ்வரத்துக்கு வேற தாள் அச்சடிக்கிறோம். எழுதினவர்னு.”

“வேண்டாம்.”

“யாருக்கும் தெரியாமப் போயிடும் அண்ணி.”

“போகட்டும். இப்பப் போட்டிருக்கிற மாதிரியே இருக்கட்டும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அச்சில் பெயர் வருவது எவ்வளவு பெரிய விஷயம்! வாயைத் திறக்கப்போனேன். அந்த நேரம் அப்பா வேலையிலிருந்து வந்து பையை வைத்தார். தங்கையைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது, அதிலும் அந்தத் தாலாட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்றார். “அந்தக் காலத்துப் பொம்பளைங்க எப்படிக் கட்டியிருக்காங்க பாரு. எந்த ஊர்ப் பாட்டுன்னு தாள்ல போட்டிருந்தே?”

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஆனேக்கல் பக்கம்” என்றாள் அத்தை.

அப்பா தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். பெரியவர்கள் இரண்டு பேரும் பொய் சொல்லுகிறார்கள், அதுவும் நான் சொன்ன அதே பொய்யை, என்று எனக்கு ஒரே வியப்பு. அம்மாவுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். பெயரைப் போட்டால் குறைந்தா போய்விடுவாள் என்று அவள்மேல் இரண்டு நாள் கோபமாகக்கூட இருந்தேன். அந்தப் பெயரை அப்பா படிப்பார் என்பதோ, பெயர் இல்லாதவரை அது எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ இருந்த யாரோ ஒருத்தியின் பாட்டு என்பதோ எனக்குத் தோன்றவில்லை.

மல்லேஸ்வரத்தில் நாற்பது பேரும் திருத்திய வரியைப் பாடினார்கள். குறைந்த அசையை இழுத்து நிரப்பினார்கள். பேஸ் மாமா, “இப்பத்தான் தாலாட்டு மாதிரி இருக்கு” என்றார். அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள், எழுந்து போகவில்லை. நான் முன்வரிசையில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்ட பெருமையோடு பாடினேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பாட்டு. ஒரு சொல் மாறாமல்தான் அத்தையிடம் கொடுத்திருந்தேன். ஆனாலும் அன்று கேட் பக்கத்தில் அம்மா சொன்னதும், என் காதுதான் தப்பு என்று நம்பிவிட்டேன்.